நடுவரிசை சீட்டை முதலில் பார்

அன்புள்ள மகிழன்,

நீயும் நண்பர்களும் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் ஒரு ஹோண்டா ஒடிஸி வாங்கியிருப்பதாக அண்ணன் போனில் சொன்னார். 2014 மாடல் என்று கேட்டதுமே அதன் நடுவரிசை சீட்டுகள்தான் என் நினைவுக்கு வந்தன. நீங்கள் நீண்ட பயணம் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடு.

அந்த வரிசையின் இரு ஓர சீட்டுகளையும் கழற்றலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம். சாமான் ஏற்றக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது அடியிலுள்ள பூட்டு சரியாகப் பிடிக்காமல் போனால், பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் போட்டாலே சீட் முன்பக்கம் சாய்ந்துவிடும். இதற்காகத்தான் 2017 நவம்பரில், 2011 முதல் 2017 வரையிலான மாடல்களில் சுமார் 8 லட்சம் வண்டிகளை ஹோண்டா அமெரிக்காவில் ரீகால் செய்தது, அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. 46 பேருக்குச் சிறு காயம் ஏற்பட்டதாக அப்போது சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டும் இதே சீட்டுகளின் பூட்டு நெம்புகோலுக்காக இன்னொரு ரீகால் வந்தது. ஆகவே "ரீகால் வேலை முடிந்துவிட்டது" என்று விற்றவர் சொன்னால், எந்த வேலை என்று கேள். இரண்டும் முடிந்திருக்க வேண்டும்.

பெல்ட் போட்டிருக்கிறோமே என்று அலட்சியமாக இருக்காதே. சீட் தரையோடு அசையாமல் நிற்கும் என்ற கணக்கில்தான் பெல்ட்டும் ஏர்பேக்கும் வேலை செய்கின்றன.

கடிதம் எதுவும் வரவில்லையே என்றும் இருந்துவிடாதே. பதிவில் உள்ள உரிமையாளரின் முகவரிக்குத்தான் கம்பெனி கடிதம் அனுப்பும். கைமாறிய வண்டிக்கு அது பழைய வீட்டுக்கே போயிருக்கும். ரீகால் வேலையை முடிக்காமல் புது வண்டியை டீலர் விற்கக் கூடாது. பழைய வண்டிக்கு அப்படி நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைப் பார்க்க வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பர் வேண்டும். ஓட்டுநர் பக்கம், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் அது தெரியும். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17. ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. ஓ மாதிரி தெரிவது பூஜ்யம்தான். அமெரிக்க வாகனப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் இணையதளத்தில் அதைப் போட்டால், உன் வண்டிக்குப் பாக்கியுள்ள ரீகால்கள் வந்துவிடும்.

பாக்கி இருந்தால் அருகிலுள்ள ஹோண்டா டீலருக்குப் போன் செய். ரீகால் எண்ணைச் சொல்லி, பாகம் கையிருப்பில் உண்டா என்று கேட்ட பிறகு நாள் குறித்துக்கொள். வேலை முடியும்வரை அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதே. வண்டியை எடுக்கும்போது சீட்டின் மேற்புறத்தைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக இழுத்துப் பார். செய்த வேலை பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அதைப் பத்திரமாக வை.

இதற்கு ஒரு டாலரும் கொடுக்கத் தேவையில்லை, கேட்பதற்குக் கூச்சமும் வேண்டாம். குறையை உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1966இல் சட்டம் வந்தது. இலவசமாகச் சரிசெய்தும் தர வேண்டும் என்பது 1974இல்தான் சேர்ந்தது. இப்போது, முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுக்குள் ரீகால் அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த உரிமை உண்டு. உன் வண்டிக்கான இந்த ரீகால்கள் அதற்குள் வந்தவைதான், ஆனாலும் தள்ளிப்போடாதே.

சரிசெய்த பிறகும் சீட் ஆடினால், டீலரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் என்.எச்.டி.எஸ்.ஏ.விலும் புகார் பதிவு செய். ஒரே மாதிரியான புகார்கள் பல சேரும்போதுதான், இது ஒருவர் வண்டியின் கோளாறல்ல, அந்த மாடலுக்கே உள்ள குறை என்று அதிகாரிகளுக்குப் புலப்படும். நீ எழுதும் நான்கு வரி முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தையும் காப்பாற்றலாம்.

அன்புடன்,
உன் அத்தை