பெரிய பாரம், சின்ன ரோடு: வழி யாருக்கு?



கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மளிகை வியாபாரம் செய்யும் நாம் பாதி நேரம் கடையில் இருந்தால் மீதி நேரம் ரோட்டில் இருக்கிறோம். நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி, மஞ்சளுக்கு ஈரோடு, தேங்காய் எண்ணெய்க்குக் காங்கயம், தேங்காய்க்குப் பொள்ளாச்சி என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். சரக்கு ஏற்றிய டெம்போவிலோ மொபெட்டிலோ திரும்பும்போது எதிரே சோளத்தட்டு லாரி வருகிறது. கரும்பு டிராக்டர் வருகிறது. தென்னை மட்டை லோடு வருகிறது. சில நாட்களில் காற்றாலை இறக்கையே வருகிறது. அப்போது வழி யாருக்கு? பணத்துக்கும் உயிருக்கும் சம்பந்தப்பட்ட இந்தக் கேள்வியே இம்மாதப் பாடம்.

முதலில் ரோட்டின் கணக்கு

வியாபாரிக்கு எதையும் கணக்காகச் சொன்னால்தான் மனதில் நிற்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 93-ஆவது விதிப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் கிராமத்து ஒற்றை வழித் தார் ரோடு பெரும்பாலும் 3.75 மீட்டர். இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் 5.2 மீட்டர் வேண்டும். ஆக, ஒருவராவது மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். ரோடு 5.5 மீட்டராக இருந்தாலும் மிச்சம் 30 சென்டிமீட்டர், அதாவது ஒரே ஒரு அடி. இருவழிச் சாலை என்னும் 7 மீட்டர் ரோட்டில்தான் 1.8 மீட்டர் மிஞ்சும்.

இதெல்லாம் பாரம் வண்டிக்குள் அடங்கி இருந்தால் சரி. சோளத்தட்டோ மட்டையோ பக்கத்துக்கு இரண்டடி வெளியே தள்ளிக்கொண்டு வந்தால், 7 மீட்டர் ரோடும் ஒற்றை வழி ரோடு போல ஆகிவிடும். மழைக்காலத்தில் பல்லடம், சூலூர் பக்கத்துக் கரிசல் மண்ணில் இறங்கிய சக்கரம் ஏறாது என்பது நாம் அறிந்ததே. ஒதுங்கும் இடம் எது என்பதை எதிர் வண்டி அருகில் வந்த பிறகு தேடக் கூடாது. தூரத்தில் கண்டவுடனே பார்த்து வைக்க வேண்டும்.

சட்டம் சொல்லும் வழி

1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாக 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் நடைமுறைக்கு வந்தன. வழி விடுவது பற்றி நாம் மனதில் கொள்ள வேண்டியவை நான்கு:

1. கிளை ரோட்டிலிருந்து பிரதான ரோட்டில் ஏறுபவர், பிரதான ரோட்டில் வருபவருக்கு வழி விட வேண்டும்.

2. போலீஸ்காரரோ சிக்னலோ இல்லாத, இரண்டும் சமமான ரோடுகள் சந்திக்கும் இடத்தில் தன் வலது கைப் பக்கமாக வருபவருக்கு வழி விட வேண்டும்.

3. குறுகலான மலை ரோட்டிலும் செங்குத்தான ரோட்டிலும் இறங்கி வருபவர், ஏறி வருபவருக்கு வழி விட வேண்டும். 40 கொண்டை ஊசி வளைவுள்ள வால்பாறை ரோட்டிலும், 27 வளைவுள்ள திம்பம் ரோட்டிலும் சரக்கு அனுப்புகிறவர்கள் தங்கள் டிரைவரிடம் இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பாரத்தோடு ஏறும் வண்டி நடுவில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம். பின்னால் உருளவும் கூடும்.

4. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியவற்றுக்கு எல்லோரும் வழி விட வேண்டும். தவறினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

இந்த நான்கும் ‘நீ வழி விடு’ என்று ஒருவருக்குச் சொல்பவையே என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நீ வழியைப் பிடுங்கிக்கொள்’ என்று இவை யாருக்கும் சொல்லவில்லை. எதிராளி வழி விடாவிட்டால் நியாயம் நம் பக்கம் இருக்கலாம். ஆனால் நியாயம் நம் பக்கம் என்பதற்காக எதிரே வரும் பாரம் நின்றுவிடாது.

சட்டத்தில் எழுதாத இடத்துக்கு நம் பெரியவர்களின் இட்டேரி வழக்கம் கைகொடுக்கும். இருபக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டித் தடம். எதிரெதிரே வண்டி வந்தால், பாரம் ஏற்றிய வண்டிக்கு வெறும் வண்டி ஒதுங்கும். மரியாதைக்காக மட்டும் அல்ல. வெறும் வண்டியால் ஒதுங்க முடியும், பார வண்டியால் முடியாது. யாரால் ஒதுங்க முடியுமோ அவரே ஒதுங்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

காற்றாலை இறக்கை வரும்போது

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கங்களில் காற்றாலைகள் பெருகின. 1990-களில் நிறுத்திய 225 கிலோவாட் காற்றாலை ஒன்றின் சுழல் விட்டம் 27 மீட்டர். இறக்கை 13 மீட்டர்தான். ஒரு பெரிய லாரியின் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது 144 மீட்டர் விட்டமுள்ள காற்றாலைகள் வந்துவிட்டன. அதன் ஓர் இறக்கை ஏறக்குறைய 70 மீட்டர்.

இத்தகைய பாரங்கள் தனி அனுமதி பெற்று, முன்னும் பின்னும் துணை வண்டியோடு வருவது வழக்கம். முன்னால் வரும் துணை வண்டிக்காரர் கை காட்டினால், ‘நான் சின்ன வண்டிதானே, நுழைந்துவிடுவேன்’ என்று முன்னேறக் கூடாது. அந்த வண்டியால் பின்னால் போக முடியாது. சட்டென்று நிற்கவும் முடியாது.

திருப்பத்தில் இன்னும் கவனம் வேண்டும். பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியோ வெளிப்பக்கமாக வீசும். வண்டி இடது புறம் திரும்பினால் வால் வலது புறம் வரும். ஆகவே வளைவின் உள்பக்கமும் நிற்கக் கூடாது, வெளிப்பக்கமும் நிற்கக் கூடாது. வளைவுக்கு வெகு முன்பே நின்றுவிட வேண்டும். மின்கம்பி தாழ்வாக இருந்தால் மின்வாரியத்தார் வந்து பார்த்துக்கொள்வார்கள். உதவி செய்வதாகக் கம்போ மூங்கிலோ எடுத்துக் கம்பியைத் தூக்கிவிட யாரும் போகக் கூடாது.

முந்துவது பற்றி ஒரு கணக்கு. இறக்கை வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நாம் 40-ல் போகிறோம். 70 மீட்டர் நீளத்தைக் கடந்து, முன்னும் பின்னும் இடைவெளி விட்டு மறுபடி இடது புறம் வர, சுமார் 100 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அதற்கு 18 வினாடி ஆகும். அந்த நேரத்தில் நாம் ஓடியிருப்பது 200 மீட்டர். எதிரே 60-ல் வரும் பஸ் ஓடியிருப்பது 300 மீட்டர். ஆக மொத்தம் அரை கிலோமீட்டர் தூரம் எதிரில் காலியாகத் தெரிந்தால்தான் முந்தலாம். நம் கிராமத்து ரோட்டில் அப்படித் தெரியும் இடங்கள் குறைவு. பத்து நிமிடம் பின்னாலேயே போனால் கடைக்கு ஒரு நட்டமும் இல்லை.

நம் சரக்கையும் பார்ப்போம்

மற்றவர் பாரத்தைக் குறை சொல்லும் முன் நம் குடோன் வாசலைப் பார்க்க வேண்டும். ‘பொரி மூட்டைக்கு எடை ஏது? பிளாஸ்டிக் குடத்துக்குப் பாரம் ஏது?’ என்று சின்ன வண்டியில் பக்கவாட்டில் தொங்கவிட்டு அனுப்புகிறோம். எடை இல்லை என்பது உண்மை. இடத்தை அடைக்கிறது என்பதும் உண்மை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பாரம் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் 194(1ஏ) பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். பாரத்தைச் சரியாக அடுக்கும் வரை வண்டி நகரக் கூடாது.

எடை கூடினால் 194(1) பிரிவின்படி 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். 18.5 டன் மொத்த எடை அனுமதியுள்ள லாரியில் மூன்று டன் கூட இருந்தால் 26,000 ரூபாய். இறக்குக் கூலி தனி. எடை போட வண்டியை நிறுத்த மறுத்தால் 40,000 ரூபாய். அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போகலாம் என்பதும் நடக்காது. கூடுதல் சரக்கை இறக்கியே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் தீர்ப்பளித்தது. மூன்று டன்னுக்கு மிச்சமாகும் வாடகையை இதோடு ஒப்பிட்டு அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

டிரைவர்தானே பொறுப்பு என்று இருந்துவிடலாகாது. ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரையும், ஓட்ட அனுமதிக்கிறவரையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. ‘இன்னும் பத்து மூட்டை போடப்பா’ என்று நாம் சொல்லும் சொல்லுக்கும் கணக்கு உண்டு.

கடை முன்னால்

சரக்கு இறக்கும் லாரியை வளைவிலும் பாலத்தை ஒட்டியும் நிறுத்தக் கூடாது. எதிர்க்கடையில் ஏற்கெனவே லாரி நின்றால் நம் லாரி சற்றுத் தள்ளி நின்று காத்திருக்கட்டும். ரோட்டில் மற்றவருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியை விட்டு வைப்பது 122-ஆவது பிரிவின்படி குற்றம். கடைச் சாய்ப்பும் பெயர்ப் பலகையும் ரோட்டுப் பக்கம் நீண்டிருந்தால் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். உயரமான லோடு உரசினால் முதலில் விழுவது நம் வாடிக்கையாளர் தலையில்தான்.

கூட்டத்தில் கேட்டுப் பார்க்க

கேள்வி: வெறும் டெம்போவில் வருகிறோம். ஒற்றை வழி ரோட்டில் எதிரே கரும்பு டிராக்டர். யார் ஒதுங்குவது?
பதில்: நாம். அகலமான இடத்தில் முன்பே நின்றுவிட வேண்டும்.

கேள்வி: வால்பாறைக்கு அரிசி ஏற்றிய வண்டி ஏறுகிறது, வெறும் வண்டி இறங்குகிறது. வழி யாருக்கு?
பதில்: ஏறும் வண்டிக்கு.

கேள்வி: அதே ரோட்டில் வெறும் வண்டி ஏறுகிறது; பார வண்டி இறங்குகிறது. இப்போது?
பதில்: சட்டப்படி அப்போதும் ஏறும் வண்டிக்கே. ஆனால் இறங்கும் பாரத்துக்கு பிரேக் பிடிக்கத் தூரம் வேண்டும். ஏறுகிறவர் இடம் பார்த்து நின்று கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

கடையில் இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் டிரைவரையும் லோடுமேன்களையும் அழைத்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ரோட்டில் வழி விட்டு ஐந்து நிமிடம் தாமதமாக வரும் சரக்கை அன்றே விற்றுக்கொள்ளலாம். வண்டி ஓட்டிப் போனவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அதுவே நமக்கு முதல் லாபம்.