பாகம் மாற்றுமுன் அளந்து பார்

அன்புள்ள தம்பிக்கு,

பாளையங்கோட்டையில் ஃபிலிம் கழுவும் பழைய ஜோபோ சிபிபி-2 மெஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த உதிரி பாகத்தை முதலில் தருவிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். முதலில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதை அளந்து பார்த்தால்தான் தெரியும். உன்னைப் போல் டார்க்ரூம் தொடங்கும் பிள்ளைகள் வேறு சிலரும் இருப்பதால், பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சூடு மாறாத தண்ணீரில் டேங்கைப் படுக்கவைத்து, திசை மாற்றி மாற்றிச் சுழற்றும் மெஷின் இது. 35 எம்.எம். ரோல் இரண்டு போகிற 1520 டேங்கைக் கையால் கவிழ்த்து ஆட்டினால் 485 மி.லி. கெமிக்கல் வேண்டும், சுழற்றினால் 240 மி.லி. போதும். இந்தச் சிக்கனத்தைவிடப் பெரியது, இன்று வந்த நெகட்டிவ் நாளையும் அப்படியே வரும் என்ற உறுதி. கலர் நெகட்டிவுக்கான சி-41 டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி, சூடு 0.15 டிகிரிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. ஹீட்டர், பம்பு, மோட்டார் எல்லாம் அந்த உறுதியைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன.

ஆகவே மெஷினில் தண்ணீர் நிரப்பி, சூடு நிலைத்த பிறகு தொட்டியின் இரு மூலைகளிலும் அளந்து பார். இரண்டும் வேறுபட்டால் பம்பு தண்ணீரைச் சரியாகச் சுற்றவிடவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்து, குமிழ் காட்டுவதோடு மட்டும் ஒத்துப்போகாவிட்டால் தெர்மோஸ்டாட்டைப் பார். கெமிக்கல் பாட்டிலுக்குள்ளும் அளக்க மறக்காதே. தொட்டி சூடாகி வெகுநேரம் கழித்துத்தான் பாட்டில் அந்தச் சூட்டுக்கு வரும். டேங்கில் ஒரு டேப் துண்டு ஒட்டி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணு. வேகம் தடுமாறினாலோ திசை மாறாமல் நின்றாலோ, படத்தின் வானத்தில் கோடு விழும்.

ஒரு பாகம் கெட்டுப்போனது தெரிந்ததும் ஏன் கெட்டது என்று கேள். நம் ஊரில் ஹீட்டர் போவதற்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் காரணம். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதே படிவு இங்கேயும் ஏறும். சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி, கம்பி எரிந்துவிடும். தண்ணீரை மாற்றாமல் ஹீட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். தாமிரபரணியில் உறைகிணறு வைத்து எடுக்கும் மாநகராட்சித் தண்ணீரைப் பிடித்து ஊற்று. படிந்த உப்பை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்து எடு. ஹீட்டர் முங்கத் தண்ணீர் இல்லாமல் சுவிட்சைத் தொடாதே.

ஓ-ரிங் போன்ற ரப்பர் பாகங்களுக்கு, மெஷின் பிறந்த ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. பழையதை வெர்னியரால் உள்விட்டமும் தடிமனும் அளந்து, பேரிங் கடையில் கேட்டுப் பார். தேங்காய் எண்ணெயோ சாதாரண கிரீஸோ தடவாதே, ரப்பர் ஊதக்கூடும். சிலிகான் கிரீஸ் போடு. மோட்டார் காயில் கட்டும் அண்ணாச்சியிடம் மோட்டாரைக் கொடுக்கும்போது, இது இரு திசையிலும் ஓட வேண்டும் என்பதைச் சொல்லிவிடு. வயரைப் பிரிக்குமுன் போட்டோ எடுத்து வை. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மெஷினை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வேலை இது. எர்த் சரியாக இருக்க வேண்டும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும்.

எந்தப் பாகம் வாங்கினாலும் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. இந்த மெஷினுக்குச் சூடாக்கத் தெரியும். குளிர்விக்க, குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் வால்வு மட்டுமே இருக்கிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும்போது அந்த வால்வு என்ன செய்யும்? கறுப்பு-வெள்ளைக்கு 20 டிகிரியைத் துரத்தாதே. ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு 24 டிகிரியில் நிறுத்தி, டெவலப்பர் அட்டவணைப்படி நேரத்தைக் குறை. நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பரை இன்னும் நீர்க்கக் கலக்கு. டெவலப்பர் ஊற்றுமுன் 5 நிமிடம் வெறும் தண்ணீரில் சுழற்றினால் கையால் ஆட்டும் நேரத்தையே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் 15 சதவீதம் வரை குறைத்துப் பார்.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்று. ஹீட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் ஒரே நாளில் மாற்றினால், எது குணமாக்கியது, எது புதிதாகக் கெடுத்தது என்று ஒருநாளும் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மெஷினைப் புதிதாக வாங்கியதுபோல் முதலிலிருந்து அளந்து நோட்டில் எழுது. சுண்ணாம்பு அடித்த சுவரைக் கொஞ்சம் ஃபோகஸ் இல்லாமல் படமெடுத்து அந்த ரோலைக் கழுவிப் பார். சுழற்சியில் பிசகு இருந்தால் அந்த வெறும் சுவரில் ஒளிய இடமில்லை.

பழைய ஃபிக்ஸரைச் சாக்கடையில் ஊற்றாதே. அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. இரும்புப் பஞ்சைப் போட்டுவைத்தால் வெள்ளி அதில் படியும். நம் வாய்க்காலும் சாக்கடையும் போய்ச் சேரும் ஆற்றைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

ஊட்டியில் 1967 முதல் ‘இந்து’ ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடிப்போன பிறகு, நமக்கு வரும் ரோல் பெரும்பாலும் கடல் கடந்து வருகிறது. காசு போனாலும் இன்னொரு ரோல் வாங்கிவிடலாம். அதில் பதிந்த முகத்தையும் நாளையும் வாங்க முடியாது. பாகம் மாற்றியதும் நண்பர்கள் தங்கள் ரோலை நீட்டுவார்கள். அடுத்தடுத்து மூன்று சோதனை ரோல்கள் ஒரே அடர்த்தியில் வரும்வரை, அன்போடு மறுத்துவிடு. வந்த பிறகு தைரியமாக வாங்கிக் கழுவு. அந்தத் தைரியத்துக்கு உன் நோட்டில் கணக்கு இருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்