இழுவைத் தூண்டிலுக்குக் கருவி தேரும் முறை

‘ட்ரோளிங்’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் குளத்தூர்ப் பக்கத்தார்க்கு முதலில் நினைவிற்கு வருவது தூண்டில் அன்று, தடைக்காலமே. ஆண்டுதோறும் ஜூன் 9ஆம் நாள் நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை, 52 நாள், கேரளக் கடலில் விசைப்படகுகள் இழுவலை போடுதல் கூடாது. 1988ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தடையை மலையாளச் செய்தித்தாள்கள் ‘ட்ரோளிங் நிரோதனம்’ என்றே எழுதி வருகின்றன. எங்கள் பொழியூரைக் கடந்து நீரோடிக்குள் கால் வைத்தால் தமிழ்நாடு; அங்கே தடை ஜூன் 1ஆம் நாளே தொடங்கிவிடும். கடல் ஒன்று, கணக்கில் ஒன்பது நாள் வேறுபாடு! அது நிற்க. உண்மையில் தடை செய்யப்படுவது ‘ட்ராலிங்’, அதாவது கடலடியை வாரிக்கொண்டு செல்லும் பைவலையை இழுத்தல். ‘ட்ரோலிங்’ என்பதோ ஓடும் படகின் பின்னே இரை கட்டிய நூலை இழுத்துச் சென்று, மீன் துரத்தி வந்து கவ்வுமாறு செய்யும் தூண்டில் முறை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட பழி யாருடையதோ அறியேன். இக்கட்டுரையில் பின்னதை இழுவைத் தூண்டில் என்று வழங்குவேன்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர் மேற்படிப்பிற்காகக் கனடா சென்று, சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள தண்டர் பே நகரில் வாழ்கிறார். அங்கே ஏரி ட்ரவுட் என்னும் மீனை இழுவைத் தூண்டிலிற் பிடிப்பது பலருக்கும் பழகிய பொழுதுபோக்கு. “நீ கடற்கரைக்காரன் ஆயிற்றே, எந்தக் கம்பு, எந்த ரீல் வாங்கலாம்?” என்று கேட்டிருந்தார். மாணவர் கையில் புழங்கும் பணத்தின் அளவு நாம் அறியாததன்று. தவறாக வாங்கினால் அடுத்த மாதச் சாப்பாட்டில் கை வைக்க வேண்டியதுதான். நானே ஒருமுறை அவ்வாறு தவறியவன். ஆதலின் என் தவற்றிலிருந்தே விடையைத் தொடங்கினேன்.

உதவித்தொகை கைக்கு வந்த மாதம், நகரக் கடையொன்றில் எட்டடி நீளக் கார்பன் கம்பும், பளபளக்கும் ஸ்பின்னிங் ரீலும், மெல்லிய தங்கூசியும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பொழியூரில் என் தாய்மாமா வெளியே மாட்டும் எஞ்சின் வைத்த பைபர் வள்ளத்தில் தூண்டில் தொழிலுக்குப் போகிறவர். அவர் கம்பையே தொட்டதில்லை. கையால்தான் நூல் பிடிப்பார். அவருடைய வலக்கை ஆட்காட்டி விரலின் நுனி இல்லை. நூலை விரலிற் சுற்றிக்கொண்டிருந்த இளமைப் பருவத்தில், பெரிய சூரை ஒன்று கவ்விக்கொண்டு கீழே பாய்ந்தபோது போனது அது.

மழை ஓய்ந்த ஐப்பசி மாதம். விடியற்காலையில் என் கம்பையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டோம். ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை, கம்பு வளைந்தது, ரீல் ஒரு முறை கீச்சிட்டது, பிறகு ஒன்றுமில்லை. நூலைச் சுற்றி எடுத்துப் பார்த்தேன். நுனி கத்தரித்தாற்போல் இருந்தது. நெய்மீன். சென்னையார் வஞ்சிரம் என்று சொல்லும் அதுவே. அன்றைய மண்ணெண்ணெய்ச் செலவைத் தனியே ஈடு செய்திருக்கக்கூடிய மீன். மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்கு மிக உறைத்தது. நூலின் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, “எலே மக்கா, கம்பு நல்ல கம்புதான். ஆனா மீனுக்க பல்லு ஒனக்க கம்பக் கண்டதில்லியே” என்றார். சற்றுப் பொறுத்து, “மொதல்ல மீனு எங்க நிக்குது, எப்பிடிக் கவ்வுதுன்னு பாக்கணும். கம்பு பொறவு” என்றார்.

கடைக்காரர் நம்மைக் கம்பிலிருந்து தொடங்கச் செய்கிறார். வாசலில் அடுக்கி வைத்திருப்பது அதனைத்தான். தொழில்காரரோ மீனின் வாயிலிருந்து தொடங்கிக் கைக்கு வருகிறார். முதலில் மீன் நிற்கும் ஆழம்; பின் இரை; பின் இரையை ஒட்டிய துண்டு; பின் நூல்; பின் ரீல்; எல்லாவற்றிற்கும் கடைசியிற் கம்பு. இந்த வரிசையிலேயே நண்பருக்கும் எழுதினேன்.

நெய்மீன் மேல்நீரில் விரைந்து திரிந்து சாளைக் கூட்டத்தை வேட்டையாடுவது. ஆகவே இரை ஆழம் போக வேண்டியதில்லை. வேகமாகப் போதல் வேண்டும். மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் முதல் பன்னிரண்டு வரை வள்ளம் ஓடலாம். ஏரி ட்ரவுட்டின் இயல்பு இதற்கு நேர்மாறு. பெயர் ட்ரவுட் ஆயினும் அது சார் என்னும் கிளையைச் சேர்ந்த குளிர்நீர் மீன். நம் நீலகிரியில் 1907ஆம் ஆண்டு வில்சன் என்பார் கொண்டுவந்து நிலைபெறச் செய்ததும், அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து வளர்க்கப்பெற்றதும் வானவில் ட்ரவுட், அது வேறு. ஏரி ட்ரவுட் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரையே நாடும். இங்கேதான் நாம் வகுப்பிற் படித்த பாடம் பயன்படுகிறது. நன்னீர் 4 பாகையில் மிகுந்த அடர்த்தி உடையது. கோடையில் ஏரியின் மேல்நீர் சூடேறி இலேசாகி மிதக்க, குளிர்ந்த நீர் அடியிலேயே தங்கிவிடுகிறது. இடையில் வெப்பநிலை விரைந்து மாறும் ஓர் அடுக்கு உண்டாகிறது. பனி உருகிய இளவேனிலில் மேலே திரியும் மீன், கோடை முதிர முதிர அவ்வடுக்கை ஒட்டியும் அதன் கீழும் இறங்கிவிடும். ஐம்பது, அறுபது அடிக்குக் கீழே இரையைக் கொண்டு செல்ல வேண்டும். அதுவும் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் என்னும் நடை வேகத்தில்.

வேகமாக இழுத்தால் நூல் மேலே எழும்பும் என்பது காற்றாடி விட்டவர் எவருக்கும் விளங்கும். ஆழம் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. நூலிலேயே ஈயக்குண்டு கட்டுவது ஒன்று. ஈயத்தை நடுவில் வைத்துப் பின்னிய நூலைப் பயன்படுத்துவது மற்றொன்று. இந்நூல் பத்துக் கெசத்துக்கு ஒரு நிறமாகச் சாயம் ஏற்றப்பட்டிருக்கும். மெல்ல ஓடும் படகில் ஒரு நிறம் விட்டால் இரை சுமார் ஐந்தடி இறங்கும் என்பது பொதுக்கணக்கு. மூன்றாவது டவுன்ரிக்கர் என்னும் பொறி: தனிக் கம்பிவடத்தில் நாலைந்து கிலோ எடையைத் தொங்கவிட்டு, அதில் ஒரு கவ்வி வைத்து நம் நூலைச் செருகுவார்கள். மீன் கவ்வியதும் நூல் கவ்வியிலிருந்து விடுபடும். பிறகு மீனோடு நமக்கு இடையில் எடையே இல்லை. அருமையான ஏற்பாடு, ஆனால் சொந்தப் படகும் பணமும் உடையவர்க்கு உரியது. நண்பருக்கு ஈய நூலே போதும் என்று எழுதினேன்.

இரையைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதற்குறள் தூண்டிலை உவமையாக்குகிறது. இரையால் மறைந்த இரும்பை மீன் விழுங்குவதாகப் பரிமேலழகர் பொருள் கொண்டார். இழுவைத் தூண்டிலிலோ மறைவே இல்லை. மின்னும் உலோகத் தகடே இரை. ஸ்பூன் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் ஏரியில் தவறவிட்ட கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வக் கண்டு இதனை அமைத்தார் என்று கூறுவர். 1852இல் அவர் காப்புரிமை பெற்றது மட்டும் உறுதி. என் மாமாவின் தகரப் பெட்டியிலும் பழைய எவர்சில்வர் கரண்டியின் தலை ஒன்று துளையிட்டுக் கிடக்கிறது. அவர் காப்புரிமை எதுவும் கேட்கவில்லை. ஸ்பூன் வாங்கும்போது பார்க்க வேண்டியது அதன் ஆட்டம். மெல்லிய தகடு மெல்ல ஓடும்போது நன்றாக ஆடும். ஏரிக்கு அது பொருந்தும். கடலின் வேகத்தில் அதுவே சுழலத் தொடங்கி நூலை முறுக்கிவிடும். ஆகவே நமக்குக் கனத்த தகடு. எதுவாயினும் முறுக்கைத் தடுக்கச் சுழல் வளையம் ஒன்று கட்டாயம்; கடையில் ஸ்விவல் என்று கேட்டால் தருவார்கள். குண்டுமணி வைத்த நல்லதாகவே வாங்குக. இதில் மிச்சம் பிடிப்பது மடமை.

இரைக்கும் நூலுக்கும் இடைப்பட்ட துண்டில்தான் நான் தோற்றேன். நெய்மீனின் பல் கத்தரி போன்றது. ஒரு முழமாவது எஃகுக் கம்பி வேண்டும். சூரைக்கு அவ்வளவு பல் இல்லை, கண் கூர்மை. அதற்குக் கம்பியை விட்டுத் தடித்த தங்கூசியே கட்டுவர். ஏரி ட்ரவுட் வாழும் நீர் தெளிந்தது. நீரில் எளிதில் தெரியாத புளோரோகார்பன் இழை சில அடி நீளம் போதும்.

நூலில் இரண்டு வகை. தங்கூசி இழுத்தால் நீளும். பின்னல் நூல் ஏறக்குறைய நீளாது. நீளாத நூலில் மீன் கவ்வியது உடனே தெரியும். ஆனால் ஓடும் படகின் இழுப்பும் மீனின் பாய்ச்சலும் சேர்ந்து ஒரே நொடியில் விழும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள எதுவும் இராது. வாய் கிழியும், அல்லது முடிச்சு அறும். புதிதாகப் பழகுவோர்க்குத் தங்கூசியே பொறுத்துப் போகும்.

இனி ரீல். இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். நான் வாங்கிய ஸ்பின்னிங் ரீல் எறிந்து பிடிப்பதற்கு ஏற்றது. எங்கள் பூவாற்றுப் பொழிமுகத்தில் இளைஞர்கள் செம்பல்லிக்கு எறிவது அதைத்தான். அதில் நூல் ஒரு திருப்பத்தில் வளைந்து சுருளில் ஏறுகிறது. நாள் முழுதும் பாரத்தோடு இழுத்தால் முறுக்கேறும். இழுவைக்கு உரியது உருளை ரீல். நூல் நேராக உருளையில் ஏறும். நூல் எவ்வளவு வெளியே சென்றது என்று காட்டும் எண்பொறி வைத்தவையும் உண்டு. மாமா தம் நூலில் பத்துப் பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருப்பதும் அதே வேலையைச் செய்கிறது. மீன் கவ்விய நீளத்தை மறுமுறையும் விடத் தெரிந்தால்தான் இரண்டாவது மீன் கிடைக்கும்.

ரீலின் உயிர் அதன் பிரேக். கடையில் ட்ராக் என்பர். மீன் அளவுக்கு மீறி இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் உறுப்பு அது. நூல் தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்குக்கு அதை அமைத்தல் வேண்டும். பதினைந்து கிலோ நூலென்றால் நான்கு அல்லது ஐந்து கிலோ. நூலின் நுனியில் வில்தராசைக் கட்டி இழுத்தால் தெரிந்துவிடும். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். பிரேக் தருவது ஒரே அளவான முறுக்குவிசை. நூலில் விழும் இழுவிசையோ, அம்முறுக்குவிசையை உருளையின் ஆரத்தால் வகுத்தது. மீன் ஓட ஓட உருளையில் நூல் குறைந்து, சுற்றின் ஆரம் பாதியானால் இழுவிசை இருமடங்காகும்! ஐந்து கிலோ பத்தாகிவிடும். அதனோடு நீரில் வளைந்து கிடக்கும் நூலின் இழுப்பும் சேரும். மீன் மிகத் தொலைவில் இருக்கும்போதுதான் நூல் அறுவதற்கு இதுவே காரணம். ஆகையால் சிறிய உருளையில் நூலைத் திணிப்பதை விட, அகன்ற உருளையுடைய ரீலை வாங்குதல் நன்று. மாமாவின் விரலில் பிரேக் இல்லை. அதனை அவரிடம் நான் சொன்னதில்லை, அவர் அறிவார்.

கம்பைப் பற்றிச் சொல்ல மிகுதியில்லை. டவுன்ரிக்கருக்கு எட்டரை, ஒன்பதடி நீண்டு மெல்ல வளையும் கம்பு. ஈய நூலுக்கு ஏழு, எட்டடி. கடலில் நெய்மீனுக்கு ஆறடியே போதும். இழுவைக்குக் கார்பனைக் காட்டிலும் கண்ணாடி நார்க் கம்பு மலிவு, அடிபட்டாலும் தாங்கும். அன்றியும் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஐப்பசி மாலைகளில் எங்கள் பக்கத்து இடிமின்னலைக் கண்டவர்கள் திறந்த வள்ளத்தில் அதை நிமிர்த்திப் பிடிக்கத் துணியமாட்டார்கள். கம்பின் வளையங்களில் விரிசல் உண்டா என்று அறியச் சிறிது பஞ்சை உள்ளே விட்டு இழுத்துப் பார்க்கவும். பஞ்சு மாட்டினால் நூலும் ஒருநாள் அங்கேதான் அறும். ஏரிக்கென்று செய்த ரீலைக் கடலுக்குக் கொண்டுவருவோர், ஒவ்வொரு நாளும் நன்னீரில் கழுவி, பிரேக்கைத் தளர்த்தி வைக்காவிட்டால் உப்பு அதை விரைவில் தின்றுவிடும்.

நண்பர் மீன்பிடி உரிமச்சீட்டு எடுத்துக்கொண்டு, ஏழரை அடிக் கண்ணாடி நார்க் கம்பும், யாரோ பயன்படுத்திய எண்பொறி ரீலும், ஈய நூலும் வாங்கினார். கோடையின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று படம் அனுப்பியிருந்தார்: மூன்று கிலோ இருக்கும், சாம்பல் உடலில் வெள்ளைப் புள்ளிகள். ஐந்தாம் நிறத்திற் கவ்வியதாம். அடுத்த விடுமுறையில் அப்படத்தை மாமாவிடம் காட்டி, ஐந்து நிறம் என்றால் ஐம்பது கெசம், இருபத்தைந்து பாகம் நூல், ஆழம் நான்கு பாகத்துக்குச் சற்று மேல் என்று கணக்குச் சொன்னேன். அவர் படத்தை விட்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டார்.

“நாலு பாகத்துலயா நிக்குது? அதுக்கா மக்கா இம்புட்டு ஈயம்?”

அந்த நூலில் ஒரு முழம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், பிரித்துப் பார்க்க.