சர்வர் டவுனா? கிளவுட் டேட்டாபேஸ் கண்காணிப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிளவுட் டேட்டாபேஸ் என்பது வாடகை டேட்டாபேஸ். அது எந்தக் கட்டடத்தில், எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்பது வாடகைக்கு எடுத்தவருக்குத் தெரியாது. ஊர் மட்டும் தெரியும். மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களில் தன் கிளவுட் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017இல் மும்பையிலும் 2021இல் டெல்லியிலும் திறந்தன. அங்கே ஓடும் டேட்டாபேஸின் நிலவரத்தை வெளியிலிருந்து கேட்டறிய ஒவ்வொரு நிறுவனமும் ஓர் ஏபிஐ வைத்திருக்கிறது: அமேசானுக்கு கிளவுட்வாட்ச், மைக்ரோசாஃப்டுக்கு அஷ்யூர் மானிட்டர், கூகுளுக்கு கிளவுட் மானிட்டரிங். சிபியு எவ்வளவு, காலி நினைவகம் எவ்வளவு, திறந்திருக்கும் இணைப்புகள் எத்தனை என்று புரோகிராம் கேட்கும். நேரக் குறிப்போடு எண்கள் வந்து சேரும். எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறுவது அவற்றைப் படிக்கும் விதத்தில்தான்.

நம்பிக்கை: ‘சர்வர் டவுன்’ என்றால் டேட்டாபேஸ் படுத்துவிட்டது, ஏபிஐயைக் கேட்டால் காரணம் தெரிந்துவிடும்.

கடலோர ஊரான தேவிபட்டினத்தில் ஒருவர் கையிலுள்ள போனிலிருந்து போகும் கோரிக்கை, செல்போன் கோபுரம், நெட்வொர்க், அப்ளிகேஷன் சர்வர் என்று பல படி தாண்டித்தான் டேட்டாபேஸை அடைகிறது. எந்தப் படியில் இடறினாலும் காதில் விழுவது ‘சர்வர் டவுன்’ ஒன்றுதான். டேட்டாபேஸின் ஏபிஐக்குத் தெரிந்ததோ கடைசிப் படி மட்டும்.

தூரத்தின் மேல் பழி போடுவதும் வழக்கம். தேவிபட்டினத்துக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 1,250 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வரக் குறைந்தது 12 மில்லி வினாடி. ஒருமுறை போய்வந்தால் யாருக்கும் உறைக்காது. அப்ளிகேஷனைச் சென்னையிலும் டேட்டாபேஸை மும்பையிலும் வைத்து, ஒரு பக்கத்தைக் காட்ட 40 குவெரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் கதை வேறு. ஒவ்வொரு முறையும் 20 மில்லி வினாடி என்று கொண்டால் 0.8 வினாடி வழியிலேயே போய்விடும். டேட்டாபேஸ் ஒவ்வொரு குவெரியையும் 1 மில்லி வினாடியில் முடித்துவிட்டு, ‘எல்லாம் நலம்’ என்ற எண்களையே ஏபிஐ வழியே தரும். அது பொய்யும் இல்லை. இந்தத் தாமதத்தைப் பிடிக்க அப்ளிகேஷன் பக்கத்திலும் அளக்க வேண்டும்.

நம்பிக்கை: ஏபிஐ சொல்வது இந்த நொடியின் நிலவரம்.

இந்த நம்பிக்கை பொய்த்ததை நாடே 2021இல் பார்த்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று 18 வயது முடிந்தவர்களுக்கு கொரோனா தடுப்பூசிப் பதிவு தொடங்கியபோது, கோவின் தளத்துக்குத் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் ஏபிஐ கோரிக்கைகள் வந்ததாக அரசுத் தரப்பே அறிவித்தது. எந்த மையத்தில் இடம் இருக்கிறது என்று பார்க்கத் திறந்த ஏபிஐயும் இருந்தது. சென்னை புரோகிராமர் ஒருவர் உட்படப் பலர் அதைக் கொண்டு டெலிகிராமில் தகவல் தரும் சேவைகளை நடத்தினர். சுமை ஏறவே, அந்த ஏபிஐ தரும் விவரம் 30 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்றும், ஓர் ஐபி முகவரியிலிருந்து 5 நிமிடத்துக்கு 100 முறைதான் கேட்கலாம் என்றும் விதி வந்தது. இடம் இருப்பதாகக் காட்டிய மையத்தைத் தொட்டதும் அது நிரம்பியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்காணிப்பு ஏபிஐகளில் தாமதம் இவ்வளவு இல்லை. ஆனால் தாமதம் உண்டு. அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் நிமிடத்துக்கு ஒருமுறைதான் கிளவுட்வாட்சுக்கு எண் அனுப்புகிறது. கூகுளின் டேட்டாபேஸ் சேவையான கிளவுட் எஸ்க்யூஎல்லில் நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அளவு கண்ணில் பட மேலும் சில நிமிடங்கள் ஆகலாம். நொடிக்கொரு முறை ஏபிஐயைத் தட்டினால் அதே எண் அறுபது முறை வரும். பில்லும் ஏறும்.

நம்பிக்கை: 24ஆம் தேதிக் கணக்கு என்றால் நம் 24ஆம் தேதிதான்.

ஏபிஐ தரும் நேரம் பொதுவாக உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. 2025இல் ஆடி அமாவாசை ஜூலை 24 அன்று வந்தது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தில் தர்ப்பணம் கொடுக்க அன்று விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். அவர்களுக்கு அறை முன்பதிவு செய்து தரும் செயலி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அதிகாலை 3.30 மணிக்கு எகிறும் சுமை ஏபிஐயில் ஜூலை 23, இரவு 10 மணி என்று பதிவாகும். தேதிவாரியாகக் கூட்டிப் பார்ப்பவருக்கு அமாவாசைக் கூட்டத்தில் ஒரு பகுதி முந்தின நாளில் போய் உட்கார்ந்திருக்கும். கிராஃப் திரைகள் பலவற்றில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் பார்க்க முடியும் என்பதால், சொந்தமாகப் புரோகிராம் எழுதும்போதுதான் இந்தப் பிழை அதிகம் நுழைகிறது.

நம்பிக்கை: சராசரி நன்றாக இருந்தால் யாருக்கும் குறையில்லை.

ஆயிரம் குவெரிகளில் 980 குவெரிகள் 5 மில்லி வினாடியில் முடிந்து, 20 மட்டும் 4 வினாடி இழுத்தால் சராசரி 85 மில்லி வினாடி. பார்க்க அழகான எண். 99ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 99 குவெரிகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதைக் கேட்டால் 4 வினாடி என்று வரும். புகார் சொல்பவர்கள் அந்த 20 பேர்தான். ஒவ்வொரு மணிக்கும் கிடைத்த 99ஆம் சதமானங்களைக் கூட்டி வகுத்தால் அந்த நாளின் 99ஆம் சதமானம் கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கால அளவும் இதே வேலையைச் செய்யும். சிபியு 20 வினாடி மட்டும் 100 விழுக்காட்டில் திணறி, மீதி நேரம் 20 விழுக்காட்டில் ஓடினால் ஐந்து நிமிடச் சராசரி 25 விழுக்காடு. அந்த நிமிடத்தின் சராசரியோ 47. நூறு என்ற எண் தெரிய நொடிக்கணக்கில் அளக்க வேண்டும். ஆர்டிஎஸ்ஸில் அதற்கென ‘என்ஹான்ஸ்டு மானிட்டரிங்’ தனியாக உண்டு.

நம்பிக்கை: சிபியு 90ஐத் தொட்டால் ஆபத்து, குறைவாக இருந்தால் நிம்மதி.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடைக்காமல் இருந்தது. அங்கே ஆபத்து ஒன்று, அளவு ஒன்று. ஒரே வரம்பு போதுமானதாக இருந்தது. டேட்டாபேஸுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. இரவில் அறிக்கை தயாரிக்கும்போது சிபியு 90இல் ஓடினால், கொடுத்த காசுக்கு இயந்திரம் உழைக்கிறது என்றே பொருள். காலி நினைவகம் குறைவதும் அப்படித்தான். டேட்டாபேஸ்கள் நினைவகத்தை கேஷாக நிரப்பிக்கொள்வது இயல்பு.

எதிர்ப்பக்கம்தான் மோசம். ஒரு டிரான்சாக்‌ஷன் ஒரு வரிசையைத் திருத்திவிட்டு கமிட் செய்யாமல் நிற்கிறது. அதே வரிசைக்காக எட்டு செஷன்கள் காத்திருக்கின்றன. காத்திருப்பவர்களுக்கு வேலை இல்லை. சிபியு 5 விழுக்காடு. செயலி மட்டும் உறைந்து நிற்கிறது. இங்கே பார்க்க வேண்டியது ஒரே நேரத்தில் சராசரியாக எத்தனை செஷன்கள் வேலையில் இருக்கின்றன, எதற்காகக் காத்திருக்கின்றன என்பதை. அமேசானின் பெர்ஃபாமன்ஸ் இன்சைட்ஸ் ஏபிஐ தருவது இதைத்தான். ஒன்பது செஷன்களில் எட்டு, லாக்கில் நிற்கும்போது பெரிய இயந்திரத்துக்கு மாறினால் வாடகைதான் கூடும். இந்த வீண் செலவு அபூர்வமானதும் அல்ல.

நம்பிக்கை: காசு கொடுத்து ஒரு டூல் வாங்கினால் இந்தக் குறைகள் தீரும்.

பாதி தீரும். சோஹோவின் சைட்24x7 போன்ற சேவைகளும் அமேசான் விவரங்களை கிளவுட்வாட்ச் ஏபிஐயிடம் கேட்டுத்தான் வாங்குகின்றன. எச்சரிக்கை அனுப்புவது, பல மெட்ரிக்குகளை ஒரே திரையில் சேர்ப்பது ஆகியவை அவற்றின் பலம். ஏபிஐயில் உள்ள தாமதம் அவற்றுக்கும் உண்டு.

நம்பிக்கை: கண்காணிப்பு ஏபிஐ வெறும் எண்களைத்தான் காட்டும், ரகசியம் கசியாது.

சிபியு, டிஸ்க் வரைக்கும் அது உண்மை. குவெரி அளவில் கண்காணிக்கும்போது எஸ்க்யூஎல் வரியே வெளிவரும். போன் எண்ணையோ ஆதார் எண்ணையோ குவெரிக்குள் ஒட்டி எழுதும் செயலியாக இருந்தால் அந்த எண்ணும் கூடவே வரும். கண்காணிப்புக்கென்று படிக்க மட்டும் அனுமதியுள்ள தனி அடையாளம் வேண்டும். குவெரி வரிகளைப் பார்க்கும் அனுமதியைத் தேவைப்படுபவருக்கு மட்டும் தர வேண்டும்.

நம்பிக்கை: பழைய கணக்கு கிளவுடில் எப்போதும் இருக்கும்.

கிளவுட்வாட்சில் ஒரு நிமிட எண்கள் 15 நாள் இருக்கும். அதன்பின் ஐந்து நிமிடத் தொகுப்பாக 63 நாள் வரை, ஒரு மணித் தொகுப்பாக 455 நாள் வரை. அஷ்யூர் மானிட்டரின் இயல்பான மெட்ரிக்குகள் 93 நாளில் அழியும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இடையே ஆறு மாதம். ஆடியில் எந்த நிமிடம் எவ்வளவு சுமை என்று தையில் தேடினால் அமேசானில் மணிக்கணக்கு மட்டும் மிஞ்சியிருக்கும். அஷ்யூரில் ஒன்றும் இருக்காது. பெரிய கூட்டம் கலைந்த 15 நாளுக்குள் ஏபிஐ வழியே நிமிடக் கணக்கை இறக்கித் தனியாகச் சேமித்துவிடுங்கள்.