பழைய மோட்டார் காரின் பிரேக்குகளைச் சீர்திருத்துதல்

மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1950-களின் பிற்பகுதியில் அம்பாசிடர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே அதற்கு மூலமாகும். 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும், பழைய அம்பாசிடர்களைப் பேணிக் காப்போர் நாட்டில் இன்றும் பலர் உளர். அவர்களுள் பலருக்கு எழும் வினா ஒன்று உண்டு: இக்காரின் பிரேக்குகளை இக்காலப் போக்குவரத்துக்கு ஏற்றவாறு திருத்தியமைக்க இயலுமா? இயலும். ஆனால் அதை எவ்வரிசையில் செய்வது என்பதிலேயே உயிர்ப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

கொல்கத்தாவின் கிழக்கே அமைந்த சால்ட் லேக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உப்புச் சதுப்பு நிலத்தை ஹூக்ளி ஆற்று வண்டலால் மேடாக்கி, 1960-களில் உருவாக்கத் தொடங்கிய நகரம் அது. பிதான்நகர் என்பது அதன் மற்றொரு பெயர். காற்றில் ஈரம் மிகுந்த இடம். பெருமழை பெய்தால் தாழ்ந்த தெருக்களில் நீர் தேங்குவதும் உண்டு. ஊரினுள் வட்டச் சந்திப்புகளில் மெதுவாகச் சென்ற கார், கிழக்குப் புறவழிச் சாலையை அடைந்ததும் விரைந்து செல்லும் வண்டிகளின் நடுவே ஓட வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்கள் யாவற்றிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி கட்டாயமாகும். முன்செல்லும் அத்தகைய கார் திடீரென நிற்கும்போது, பின்வரும் பழைய காரும் தவறாது நிற்க வேண்டுமல்லவா?

பிரேக் செய்யும் வேலை

ஓடும் காரின் இயக்கச் சக்தியை உராய்வினால் உஷ்ணமாக மாற்றி, அவ்வுஷ்ணத்தைக் காற்றில் விடுவதே பிரேக்கின் வேலை. ஆட்களுடன் சேர்ந்து காரின் எடை 1,500 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்கச் சக்தி ஏறக்குறைய 1,45,000 ஜூல் ஆகும். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகி 5,80,000 ஜூலை எட்டும். இச்சக்தி முழுவதும் 20 கிலோகிராம் வார்ப்பிரும்பில் சேர்வதாக வைத்துக்கொண்டால், முதல் நேர்வில் இரும்பின் உஷ்ணம் சுமார் 16 டிகிரியும், இரண்டாவதில் சுமார் 63 டிகிரியும் உயரும். ஒரு முறை நிறுத்துவது பெரிதன்று. ஆறுவதற்கு இடைவெளி இன்றி அடுத்தடுத்து நிறுத்துவதே பிரேக்கைச் சோதிக்கிறது.

இவ்வளவும் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பைச் சார்ந்தது. உராய்வெண் 0.7 உள்ள உலர்ந்த சாலையில், 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்தபின் சுமார் 14 மீட்டரில் நிற்கக்கூடும். மழையில் உராய்வெண் 0.4 ஆகக் குறைந்தால் 25 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குச் செல்ல ஒரு விநாடி ஆயின், அதற்குள் கார் மேலும் 14 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவே, தேய்ந்த டயருடன் ஓடும் காரில் எவ்வளவு உயர்ந்த பிரேக்கைப் பொருத்தினாலும் பயனில்லை.

டிரம்மும் டிஸ்க்கும்

பழைய அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. டிரம்மினுள் இரு ஷூக்கள் வெளிப்புறமாக விரிந்து உராய்கின்றன. சுழலும் டிரம், தன் திசையை நோக்கியிருக்கும் ஷூவைத் தானும் இழுத்து இறுக்குவதால், காலால் சிறிது அழுத்தினாலே பெரும் தடை கிடைக்கிறது. இது அதன் நன்மை. உஷ்ணம் மிகும்போது டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது; லைனிங்கின் உராய்வும் குறைகிறது. இதனால் பெடல் கீழே செல்லச் செல்லத் தடை குன்றுகிறது. மேலும், தேங்கிய நீரில் இறங்கி ஏறிய டிரம் அந்நீரைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. நீரைக் கடந்தபின் மெதுவாக ஓட்டியவாறே பெடலை இலேசாகப் பலமுறை அழுத்தி உலர்த்துவது நல்ல வழக்கம்.

டிஸ்க் பிரேக்கில் திறந்த வட்டத் தகட்டை இருபுறமும் பேட்கள் கவ்வுகின்றன. காற்று நன்கு படுகிறது. நீர் சிதறி விடுகிறது. 1953-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபின் இம்முறை பெரும் புகழ் பெற்றது. அம்பாசிடரின் பிற்கால மாதிரிகளிலும் முன்சக்கரங்களில் டிஸ்க் இடம் பெற்றது.

முதற்படி: உள்ளதைச் செம்மைப்படுத்துதல்

திருத்த விரும்புவோர் உடனே டிஸ்க்கை வாங்கச் செல்வது தவறு. முதலில் உள்ள பிரேக்கை நன்னிலைக்குக் கொணர வேண்டும். ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு, இரும்புக் குழாய்களில் துரு, வீல் சிலிண்டர்களில் கசிவு, டிரம்மின் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சாதாரணப் பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 தரத் திரவத்துக்குரிய குறைந்த அளவுக் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 டிகிரி. டாட் 4 தரத்தில் இவை முறையே 230, 155 டிகிரி. கொதித்த திரவம் ஆவியாகும். ஆவி அழுத்தத்துக்கு அடங்கிச் சுருங்கும். பெடல் வெறுமனே தாழும். ஆதலின் சால்ட் லேக் போன்ற ஈரமிக்க இடத்தில், இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் திரவத்தை முற்றிலும் மாற்றுதல் நலம். சிலிகோன் வகையான டாட் 5 திரவத்தை ஏனையவற்றுடன் கலத்தல் ஆகாது.

ஓர் எச்சரிக்கை: பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்டி அகற்ற வேண்டும். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது.

இரண்டாம் படி: இரட்டைச் சுற்று

பழைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்று அமைந்திருந்தது. எங்கேனும் ஒரு குழாய் உடைந்தால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும். கைப்பிரேக் ஒன்றே மிஞ்சும். இரு அறைகளையுடைய மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி, முன்சக்கரங்களுக்கு ஒரு சுற்றும் பின்சக்கரங்களுக்கு வேறொரு சுற்றும் அமைத்தால், ஒன்று கெட்டாலும் மற்றொன்று காரை நிறுத்தும். நிற்கும் தூரத்தை இது குறைப்பதில்லை. ஆயினும் உயிரைக் காப்பதில் இதுவே தலையாய திருத்தம் எனலாம்.

மூன்றாம் படி: முன்சக்கர டிஸ்க்

இதன் பின்னரே டிஸ்க்கைக் கருத வேண்டும். நான்கு செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். ஒன்று: டிஸ்க் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளாது, அதற்கு மிகுந்த அழுத்தம் தேவை. ஆகவே எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் பெரும்பாலும் இன்றியமையாதது. இரண்டு: டிரம்முக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு உண்டு. அது டிஸ்க்கின் சுற்றில் இருந்தால் பேட்கள் விலகாமல் உராய்ந்து சூடேறும். மூன்று: காலிப்பர் பிஸ்டனுக்கு மிகுதியான திரவம் வேண்டுமாதலால், மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் அதற்குப் பொருந்த வேண்டும். நான்கு: சக்கரத்தின் உட்புறத்தில் காலிப்பர் உரசாதபடி இடமிருத்தல் வேண்டும்.

முன்பின் சமநிலை இவற்றினும் முக்கியமானது. பிரேக் பிடிக்கையில் எடை முன்னே சாய்கிறது. அம்பாசிடரின் அச்சுகளுக்கிடையே உள்ள தூரம் 2.464 மீட்டர். எடைமையத்தின் உயரம் 0.55 மீட்டர் எனவும், வேகத்தளர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு எனவும் கொண்டால், 1,500 கிலோகிராம் காரில் சுமார் 200 கிலோகிராம் எடை பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறும். இலேசான பின்சக்கரங்கள் முன்னவற்றுக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். ஆகவே, முன்பிரேக் முதலில் தன் எல்லையை எட்டுமாறு பின்சுற்றின் அழுத்தத்தை வால்வு கொண்டு மட்டுப்படுத்த வேண்டும். பழக்கமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு, ஆளில்லாத திடலில், குறைந்த வேகத்திலிருந்து படிப்படியாகச் சோதித்த பின்னரே சாலையில் இறங்குக.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு நிரம்பி, மூல வடிவில் பேணப்பட்ட காருக்குத் தனிப் பதிவு உண்டு. அப்பதிவை நாடுவோர், மாற்றம் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலரைக் கலந்துகொள்க. கழற்றிய உறுப்புகளையும் காத்து வைக்க.

வகுப்பறைச் சோதனை

ஊசியில்லாத 5 மில்லிலிட்டர், 20 மில்லிலிட்டர் ஊசிக் குழல்கள் இரண்டையும் மெல்லிய குழாயால் இணைத்து, காற்றுக்குமிழி இன்றி நீரால் நிரப்புக. சிறியதை அழுத்துக, பெரியதன் தண்டு குறைந்த தூரமே நகரும், ஆனால் மிகுந்த விசையுடன் நகரும். இதுவே பாஸ்கல் விதி. பின்னர் வேண்டுமென்றே சிறிது காற்றை நுழைத்து அழுத்துக. கை தாழும், ஆனால் மறுமுனைத் தண்டு தயங்கும். பிரேக் குழாயில் காற்று புகுந்தால் ஓட்டுநரின் காலுக்கு நேர்வது இதுவே.

மாணவர்க்குரிய வினாக்கள்:

1. வேகம் மும்மடங்கானால் பிரேக்கில் தோன்றும் உஷ்ணம் எத்தனை மடங்காகும்?
2. திரவச் சுற்றை இரண்டாகப் பிரிப்பதால் விளையும் நன்மை யாது?
3. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்வது ஏன் ஆபத்தானது?

பிரேக் என்பது பெடல் முதல் டயர் வரை நீளும் ஒரு சங்கிலி. அதன் வலிமை, அதிலுள்ள மிக நலிந்த கண்ணியின் வலிமையே. எனவே, நலிந்த கண்ணி எது எனக் கண்டறிந்து அங்கிருந்து தொடங்குவதே முறையான சீர்திருத்தம்.