நடுப்பார்வை

நுழையும்முன்

முதுமையில் கண் மங்குவது இயல்பு என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. மங்கலுக்குக் காரணங்கள் பல; அவற்றுள் சில காத்திருக்கும், சில காத்திருக்கமாட்டா. காத்திருக்காத நோய் ஒன்றைத் தஞ்சையின் கண் மருத்துவ மரபோடு இணைத்து விளக்குகிறது இப்பாடம்.

மன்னர் காணாத இடம்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண் மருத்துவத்தில் பெருவிருப்பம் கொண்டவர். அவர் காலத்தில் கண் சிகிச்சை பெற்ற நாற்பதுக்கும் மேற்பட்டோரின் நோய்க்குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. அவற்றுள் சிலவற்றில் நோயுற்ற கண்ணின் வண்ண ஓவியமும் இடம்பெற்றுள்ளது. பாவையில் வெண்மையாகத் தோன்றும் புரையை அக்கால மருத்துவர் கண்டனர். பாவைக்கு அப்பால் உள்ள விழித்திரையைக் காண அவர்களுக்கு வழியில்லை. மன்னர் மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பின், 1851இல், ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை அறிவித்தார். அதன் பின்னரே அந்த இருட்டறை மருத்துவர்க்குத் திறந்தது.

புரையன்று, வேறொன்று

1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை நடத்திய முகாம்களால், புரை நோய் சிற்றூர்களிலும் நன்கு அறிமுகமாயிற்று. அதனால் மங்கல் எதுவாயினும் புரை என்றே முதியோர் கருதுகின்றனர். ‘அறுவடை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்கின்றனர். புரைக்குப் பெரும்பாலும் அத்தகைய காலம் உண்டு. விழித்திரையின் மையம் சிதையும் நோய்க்கு எப்போதும் அக்காலம் கிடைப்பதில்லை.

விழித்திரையின் நடுவே ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பகுதி மாக்குலா எனப்படும். எழுத்தை வாசிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் இதன் பணி. பெரும்பாலும் 50 வயதிற்கு மேல் இப்பகுதி நலிவதே முதுமைசார் மாக்குலா சிதைவு. களத்தில் குவிந்த நெல் தெரியும். உள்ளங்கையில் எடுத்த நெல்மணி தெரியாது. பேருந்து வருவது தெரியும். அதன் பெயர்ப்பலகை தெரியாது.

உலர் வகையும் ஈர வகையும்

இந்நோய் இருவகைப்படும். உலர் வகையில் விழித்திரையின் அடியில் மஞ்சள் நிறப் படிவுகள் சேர, உயிரணுக்கள் பல ஆண்டுகளில் மெல்ல நலிகின்றன. நோயுற்றோருள் பெரும்பாலோர்க்கு உள்ளது இதுவே. ஈர வகையில் தேவையற்ற இரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்துக் கசிகின்றன. பார்வை சில நாள்களிலோ வாரங்களிலோ குன்றலாம். வரப்பில் நண்டு வளை கண்ட உழவர் அன்றே ஒரு பிடி சேற்றால் அடைப்பார். விட்டுவிட்டால் வரப்பே உடையும். ஈர வகையும் அத்தகையது.

கண்டறிதல்

ஒரு கண் பழுதுற்றால் மற்றொரு கண் அக்குறையை ஈடுசெய்வதால் நோய் மறைந்தே இருக்கிறது. எனவே ஒவ்வொரு கண்ணாகச் சோதித்தல் வேண்டும். சுவிட்சர்லாந்து மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டச் சோதனை எளியது. வாசிப்புக் கண்ணாடி அணிந்து, ஒரு கண்ணை மூடி, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள கட்டத்தின் நடுப்புள்ளியை நோக்க வேண்டும். கோடுகள் வளைந்தோ நெளிந்தோ தோன்றினாலும், நடுவில் கறை தெரிந்தாலும் காலம் தாழ்த்தாது கண் மருத்துவரை நாட வேண்டும். கோடுகள் நேராகத் தோன்றினும், இச்சோதனை மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது.

காத்தலும் தடுத்தலும்

ஈர வகைக்கு, புதுக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து கண்ணினுள் ஊசிவழிச் செலுத்தப்படுகிறது. சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்த பின்னரே இது நிகழும். ஒருமுறையோடு முடிவதன்று, தொடக்கத்தில் மாதம் ஒருமுறை, பின்னர் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் தொடர வேண்டும். பார்வை சற்றுத் தெளிந்ததும் நடவைக் காரணம் காட்டி நிறுத்துவோர், மீட்ட பார்வையை மீண்டும் இழக்க நேரிடும்.

உலர் வகையை முற்றும் நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. எனினும் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்த இயலும். தவிர்க்கக்கூடிய காரணிகளுள் முதன்மையானது புகைபிடித்தல். குருதி அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தலும், கீரை, மீன், பழங்கள் உண்ணுதலும் நலம் பயக்கும். கீரை காக்கும் உணவேயன்றி, நோயைத் தீர்க்கும் மருந்தன்று. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இடைநிலையில் உள்ளோர்க்குக் குறிப்பிட்ட உயிர்ச்சத்துகளும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை நோய் முற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 25 விழுக்காடு குறைத்ததாகக் காட்டியது. இதனை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது.

குடும்பத்தின் பங்கு

இந்நோய் மட்டுமே முழு இருளைத் தருவதில்லை. ஓரப்பார்வை எஞ்சி நிற்கும். அதனால் முதியவர் எதிரே நிற்பவரைச் சற்று விலகி நோக்குவார்; தெருவில் பேரனைக் கண்டும் பேசாது போவார். இது புறக்கணிப்பன்று, நோயின் குறி. அருகில் சென்று, பெயர் சொல்லிப் பேசுவதே அவருக்குச் செய்யும் உதவி. நல்ல விளக்கொளி, உருப்பெருக்கி, பெரிய எழுத்து ஆகியன துணைபுரியும். வெண்ணிறத் தட்டில் மறையும் சோறு பசிய வாழையிலையில் தெளிவாகத் தெரியும்.

சரபோஜி காலத்து மருத்துவர்க்குக் கிட்டாத காட்சி இன்று மருத்துவமனையில் சில நிமிடங்களில் கிட்டுகிறது. முதியவரை உரிய காலத்தில் அங்கு அழைத்துச் செல்லும் கை இளையோருடையது.

கற்பவை கற்றபின்...

வரைபடத்தாளின் நடுவில் கரும்புள்ளியிட்டு, இல்லத்தில் உள்ள முதியோர்க்குக் கட்டச் சோதனை செய்து, அவர்கள் கூறியதைக் குறிப்பேட்டில் எழுதுக.