தட்டில் ஏறிய பாட்டும் ஏறாத பெயரும்

அமெரிக்க நாட்டு ஹிப் ஹாப் இசை, தெருவினின்று இசைத்தட்டில் ஏறிய வரலாறு ஆராயத்தக்கது. அதனைச் சுகர்ஹில் என்னும் இசைத்தட்டு நிலையத்தின் தொடக்க ஆண்டுகளைக் கொண்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நியூயார்க்கு நகரின் பிராங்க்ஸ் பகுதியில், 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், கூல் ஹெர்க் என்பார் தட்டுக்களைச் சுழற்றிய விருந்தையே இவ்விசையின் பிறப்பென்பர். ஒருவர் இரு தட்டுக்களை மாறிமாறிச் சுழற்றித் தாளப்பகுதியை நீட்டிக்க, மற்றொருவர் அதற்கியைய எதுகை நயம்பட விரைந்துரைப்பார். இவ்வுரையே ராப் எனப்படும். பல்லாண்டு இஃது விருந்துகளிலும் ஒலிநாடாக்களிலுமே வாழ்ந்தது.

1979-ஆம் ஆண்டு, முன்னர்ப் பாடகியாய் விளங்கிய சில்வியா ராபின்சன் அம்மையார், தம் கணவர் ஜோ ராபின்சனோடு நியூஜெர்சி நாட்டு எங்கிள்வுட்டில் இந்நிலையத்தைத் தோற்றுவித்தார். ஹார்லம் பகுதியிலுள்ள ஓரிடத்தின் பெயரே இதற்கு இடப்பெற்றது. அம்மையார் மூன்று இளைஞரைத் தெரிந்தெடுத்து, 'ராப்பர்ஸ் டிலைட்' என்னும் தட்டை அவ்வாண்டே வெளியிட்டார். பதினான்கு நிமிடத்திற்கு மேற்பட்ட அந்நெடும்பாட்டு, அமெரிக்கப் பாடல் வரிசையில் 36-ஆம் இடம் பெற்றது.

இத்தட்டில் இரு கடன்கள் உள. இசை, சிக் குழுவினரின் 'குட் டைம்ஸ்' பாட்டைத் தழுவியது. அதன் ஆசிரியரான நைல் ராட்ஜர்சும் பெர்னார்டு எட்வர்ட்சும் சட்டத்தின் துணைகொண்டு தம் பெயரைச் சேர்ப்பித்தனர். சொற்களில் ஒரு பகுதியோ கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்னும் பிராங்க்ஸ் இளைஞருடையது. அவற்றை எடுத்தாண்ட பிக் பேங்க் ஹேங்க், நம் கீர்த்தனங்களின் முத்திரை போலக் கேஸின் புனைபெயரை எழுத்தெழுத்தாய்க் கூறும் அடியையும் மாற்றாதுரைத்தார். பாட்டினுள் பெயர் ஒலிக்கவும், தட்டின்மேல் அது பொறிக்கப்படவில்லை. ஒருவரிடம் பதிவுபெற்ற உரிமை இருந்தது; மற்றவரிடம் கையேடே இருந்தது.

1982-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி மெசேஜ்' வறியோர் வாழ்வை எடுத்துரைத்தது. அதனைப் பெரும்பாலும் இயற்றியவர் எட் பிளெட்சர். மெல்லி மெல் துணைநின்றார். ஆயினும் தட்டில் முன்னின்ற பெயர் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினருடையது. பிளாஷும் 1983-ஆம் ஆண்டு உரிமைத்தொகை குறித்து நிலையத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். 1986-ஆம் ஆண்டளவில் நிலையமும் மூடப்பட்டது.

இந்நிலையம் இன்றேல் இக்கலை உலகெங்கும் அத்துணை விரைவிற் பரவியிராது. அந்நன்மையை மறைத்தல் நன்றன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணும் ஒலிப்பதிவு வரிசையில் 'தி மெசேஜ்' 2002-ஆம் ஆண்டுப் பட்டியலிலும், 'ராப்பர்ஸ் டிலைட்' 2011-ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இடம்பெற்றன. எனினும், வாய்மொழியைப் பதிவு செய்வார்க்குச் சொல்லைக் காக்கும் கடமையோடு, சொன்னவன் பெயரைக் காக்கும் கடமையும் உண்டு. நாட்டுப்பாடல்களை ஏட்டில் தொகுக்க விழையும் மாணவராகிய யாமும் இதனை மறத்தலாகாது.